உயரத்திலிருந்து அளக்கப்படும் பனி: ஸ்வால்பார்ட் பயணக் குறிப்புகள்

ஞாயிறு, லாங்யியர்பியன்

2012ஆம் ஆண்டு செப்டம்பரில் ஆர்க்டிக் பெருங்கடலின் பனிப்பரப்பு ஏறத்தாழ 34 இலட்சம் சதுர கிலோமீட்டராகச் சுருங்கியது. 1978இன் இறுதியில் தொடங்கிய தொடர்ச்சியான செயற்கைக்கோள் பதிவில் அதற்கு முன்பும் பின்பும் இவ்வளவு குறைந்த பரப்பு காணப்படவில்லை. இத்தகைய எண்களைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு கேள்வி எழுவதுண்டு: பெரும்பகுதியில் மனிதர் கால் வைக்கவே இயலாத இந்தப் பரப்பை யார், எதைக் கொண்டு, எந்த உறுதியுடன் அளக்கிறார்கள்? அதை நேரில் அறிந்துகொள்ளவே ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டத்துக்கு வந்திருக்கிறேன். பனியாறுகளை அளக்கும் குழு ஒன்றுடன் கூடமாட உதவி செய்பவனாகத் தங்க அனுமதி கிடைத்திருக்கிறது. அன்றன்று கண்டதை அன்றன்றே எழுதிவிட எண்ணியிருக்கிறேன்.

நார்வேயின் ஆட்சியிலுள்ள இத்தீவுகளின் நிர்வாக ஊரான லாங்யியர்பியன் வட அகலாங்கு 78 பாகையில் இருக்கிறது. இப்போது ஏப்ரல் மாத இறுதி. சூரியன் மறைவதை நிறுத்திவிட்டது, இனி ஆகஸ்டு பிற்பகுதி வரை மறையாது. பனியைக் கண்காணிக்கும் செயற்கைக்கோள்களுக்கு இந்த ஊர் இன்றியமையாததாக ஆனதற்கு அதன் இருப்பிடமே காரணம். அவற்றுள் பெரும்பாலானவை எழுநூறு, எண்ணூறு கிலோமீட்டர் உயரத்தில் துருவத்துக்குத் துருவம் சுற்றிவருபவை. ஒரு சுற்றுக்கு நூறு நிமிடமளவு ஆகும். நாளொன்றுக்குப் பதினான்கு சுற்றுகள். கீழே பூமி தன் அச்சில் திரும்பிக்கொண்டிருப்பதால் ஒவ்வொரு சுற்றும் வேறொரு நாட்டின்மீது செல்கிறது. ஆனால் குடையின் கம்பிகள் உச்சியில் கூடுவதுபோல எல்லாச் சுற்றுகளும் துருவத்தின் அருகே வந்து கூடுகின்றன. நிலநடுக்கோட்டருகே உள்ள ஒரு நிலையத்தின் கண்ணுக்குச் சில சுற்றுகள்தாம் அகப்படும். இங்குள்ள நிலையத்துக்கு அத்தனையும் அகப்படும்.

திங்கள், பிளாட்டோபெர்கெட்

ஊருக்கு மேலே உயர்ந்து நிற்கும் தட்டைமலைதான் பிளாட்டோபெர்கெட். பனிக்கரடிகளின் நடமாட்டம் உண்டு என்பதால் ஊரெல்லையைத் தாண்டினால் கரடியை விரட்டும் கருவிகள் உடனிருக்க வேண்டும். எங்கள் வழிகாட்டி துப்பாக்கியுடன் முன்னே நடந்தார். மேலே ஏறியதும் வெள்ளைக் கோளங்கள் வரிசையாகத் தென்பட்டன. ஸ்வால்சாட் என்னும் இந்தத் தரைநிலையத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட அலைவாங்கிகள் இருக்கின்றன. காற்றும் படியும் பனியும் அண்டாதிருக்க ஒவ்வொன்றையும் ஒரு கோளக்கூடு மூடியிருக்கிறது. உள்ளே செல்ல வெளியாருக்கு அனுமதியில்லை. கோளத்துக்குள் தட்டு திரும்புவதும் வெளியிலிருந்து தெரியாது. தொடுவானத்தில் ஒரு செயற்கைக்கோள் எழுந்தது முதல் மறுபக்கம் இறங்கும் வரை, பத்துப் பதினைந்து நிமிடங்களுக்கு, அந்தத் தட்டு அதைப் பின்தொடர்ந்து தரவுகளை இறக்கிக்கொள்கிறது. அவை 2004 முதல் கடலடியில் கிடக்கும் இரட்டை ஒளியிழை வடங்கள் வழியே நார்வேயின் பெருநிலத்துக்குச் செல்கின்றன. 2022 சனவரியில் அவற்றுள் ஒன்று சேதமடைந்தது. மற்றொன்று இருந்ததால் தரவோட்டம் நிற்கவில்லை. இரண்டாவது வடத்துக்குச் செலவிட முன்வந்தவர்களை அன்று பலர் மனத்துக்குள் வாழ்த்தியிருப்பார்கள்.

கடற்பனியின் பரப்பை அளப்பது ஒளிப்படம் எடுத்துப் பார்க்கும் வேலை அன்று. ஆர்க்டிக்கில் பாதி ஆண்டு இருட்டு, மீதி ஆண்டில் பெரும்பகுதி மேகமூட்டம். ஒளிப்படக் கருவியை மட்டும் நம்பினால் பதிவில் ஓட்டைகளே மிஞ்சும். ஆகவே நுண்ணலை உணர்கருவிகளை நாடினார்கள். எந்தப் பொருளும் தன் வெப்பத்துக்கேற்ப மெல்லிய நுண்ணலைகளை உமிழ்கிறது. கடல்நீரும் கடற்பனியும் ஏறக்குறைய ஒரே வெப்பநிலையில் இருந்தாலும் பனி அதிகமாகவும் நீர் குறைவாகவும் உமிழ்கின்றன. இந்த வேறுபாடு இருளிலும் தெரியும், மேகத்தையும் பெரும்பாலும் ஊடுருவி வரும். கடற்பரப்பு முழுவதையும் 25 கிலோமீட்டர் பக்கமுள்ள கட்டங்களாகப் பிரித்து, எந்தக் கட்டத்தில் 15 விழுக்காட்டுக்குக் குறையாமல் பனி இருக்கிறதோ அந்தக் கட்டம் முழுவதையும் பனிப்பரப்பாகக் கணக்கிடுகிறார்கள். அமெரிக்காவின் போல்டர் நகரிலுள்ள தேசியப் பனித் தரவு மையம் நாள்தோறும் வெளியிடும் எண் இவ்வாறு கூட்டப்பட்டதே. கட்டத்துக்குள் பனி நிரம்பிய பகுதியை மட்டும் கூட்டினால் இன்னும் துல்லியமாக இராதா என்று கேட்கத் தோன்றும். கோடையில் பனியின்மேல் உருகி நிற்கும் குட்டைகளைக் கருவி திறந்த கடலாகவே காண்பதால் அந்தக் கூட்டுத்தொகை உண்மையைவிடக் குறைந்துவிடும். பரப்பின் எல்லையோ அவ்வளவு தடுமாறுவதில்லை.

இந்தப் பதிவின் உயிர் அதன் தொடர்ச்சியில் இருக்கிறது. 1978இல் ஏவப்பட்ட நிம்பஸ்-7இன் கருவி ஒன்றுவிட்டு ஒருநாள்தான் அளந்தது. அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் வானிலைச் செயற்கைக்கோள்களில் அடுத்த தலைமுறைக் கருவி 1987 சூலையில் வேலையைத் தொடங்கியது. பழைய கருவி ஆகஸ்டில் ஓய்ந்தது. இரண்டும் ஒரே பனியை ஒரே காலத்தில் பார்த்தது ஏறத்தாழ ஆறு வாரம் மட்டுமே. பழைய கருவியின் அளவைப் புதியதன் அளவோடு பொருத்திக்காட்ட அந்த ஆறு வாரம்தான் சான்று. அதுவும் இல்லாதிருந்தால் இரண்டு தனித்தனிப் பதிவுகள் இருந்திருக்குமே தவிர, நாற்பதாண்டுப் போக்கு என்று ஒன்றைச் சொல்லியிருக்க முடியாது. அதே வரிசையில் வந்த 19ஆம் செயற்கைக்கோள் 2014இல் ஏவப்பட்டு 2016இல் கட்டுப்பாட்டை இழந்தது. கட்டி முடிக்கப்பட்ட 20ஆவது ஏவப்படவே இல்லை. 2006இலும் 2009இலும் சென்ற முதிய செயற்கைக்கோள்கள்மீது சுமை தங்கியது. 2025இல் அவற்றின் தரவு வழங்கலை நிறுத்தப்போவதாக அறிவிப்பு வந்தபோது, 2012 முதல் சுற்றிவரும் ஜப்பானின் அம்சர்-2 கருவியின் துணையோடு பதிவைத் தொடர வழி தேட வேண்டியதாயிற்று. இதை எழுதும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. இப்பதிவில் விழும் இடைவெளியைப் பின்னால் எவ்வளவு செலவிட்டும் யாராலும் நிரப்ப இயலாது.

செவ்வாய், நி-ஓலெசுண்டுக்கு

இரட்டை விசிறிகள் கொண்ட சிறிய விமானம். அரை மணிக்கும் குறைவான பயணம். கீழே பள்ளத்தாக்கைப் பனி மூடியிருந்தது, பள்ளத்தாக்கின் வாயில் மேகம் படிந்திருந்தது. எங்கே பனி முடிந்து எங்கே மேகம் தொடங்குகிறது என்று சாளரத்தில் முகத்தை ஒட்டிப் பார்த்தும் என்னால் பிரித்தறிய முடியவில்லை. இரண்டும் ஒரே வெண்மை.

நிலத்தின்மேல் கிடக்கும் பனியை வரைபடமாக்குவோருக்கும் இதே இடர்தான். வட அரைக்கோளத்தின் பனிப்போர்வையை அமெரிக்கக் கடல்-வளிமண்டல நிறுவனம் 1966 முதல் வாரந்தோறும் வரைந்துவந்தது. நிலத்திலுள்ள பனியைப் பற்றி நம்மிடமுள்ள மிக நீண்ட செயற்கைக்கோள் பதிவு அதுவே. அந்நாளில் வல்லுநர்கள் படங்களைக் கண்ணால் பார்த்து எல்லை வரைந்தார்கள். மேகம் நகரும், பனி நகராது என்பதே அவர்களுடைய முதன்மையான துப்பு. 1999இல் டெர்ரா, 2002இல் அக்வா ஆகிய செயற்கைக்கோள்களில் சென்ற மோடிஸ் கருவி வேறொரு துப்பைப் பயன்படுத்துகிறது. கண்ணுக்குத் தெரியும் ஒளியில் பனியும் மேகமும் ஒன்றுபோல மின்னினாலும், 1.6 மைக்ரோமீட்டர் அலைநீளமுள்ள அகச்சிவப்பில் பனித்துகள்கள் ஒளியை உறிஞ்சிக் கருத்துவிடுகின்றன. நீர்த்துளி மேகங்களோ அங்கும் வெளுத்தே தெரிகின்றன. பச்சை ஒளிக்கும் அந்த அகச்சிவப்புக்கும் உள்ள வேறுபாட்டை அவற்றின் கூட்டுத்தொகையால் வகுத்தால் கிடைக்கும் ஒற்றை எண்ணே பனியைக் காட்டிக்கொடுக்கிறது. ஆயினும் அந்த எண் பனி இருக்கிறதா என்பதை மட்டுமே சொல்லும். எவ்வளவு ஆழம், உருகினால் எவ்வளவு நீர் என்பதைச் சொல்லாது.

நி-ஓலெசுண்ட் ஒருகாலத்தில் நிலக்கரிச் சுரங்க ஊர். 1962இல் நேர்ந்த சுரங்க விபத்துக்குப் பின் அகழ்வு நின்று, இன்று பல நாடுகளின் ஆய்வு நிலையங்கள் அருகருகே நிற்கின்றன. 2008 முதல் இயங்கும் இந்தியாவின் ஹிமாத்ரியும் அவற்றுள் ஒன்று. இறங்கியதும் கைபேசியில் வைஃபை, புளூடூத் இரண்டையும் அணைத்துவிடச் சொன்னார்கள். இருபது கிலோமீட்டர் ஆரத்துக்கு இங்கே வானொலி அமைதி காக்கப்படுகிறது. பல நூறு கோடி ஒளியாண்டுத் தொலைவில் இருப்பதால் அசையாப் புள்ளிகளாகவே தோன்றும் குவாசர்கள் என்னும் விண்பொருள்களின் மெல்லிய அலைகளை இங்குள்ள வானொலித் தொலைநோக்கிகள் கேட்டுக்கொண்டிருப்பதே அதற்குக் காரணம். அதற்கும் பனிக்கும் என்ன உறவு என்று கேட்டேன். உலகின் பல மூலைகளிலுள்ள தொலைநோக்கிகள் அதே குவாசரைக் கேட்டு, அலை வந்துசேரும் நேர வேறுபாட்டிலிருந்து பூமியின் வடிவத்தையும் சுழற்சியையும் நிலைநிறுத்துகின்றன. ஒரு செயற்கைக்கோள் பனிப்பாளத்தின் உயரம் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் குறைந்தது என்று சொல்ல வேண்டுமானால், எதிலிருந்து குறைந்தது என்னும் அடிக்கோடு அதைவிட உறுதியாக இருக்க வேண்டும். அந்த அடிக்கோட்டைத் தருபவற்றுள் இந்த ஊரும் ஒன்று. இதைக் கேட்டபின் கைபேசியின் அமைதி எனக்கு ஒரு கட்டுப்பாடாகவே தோன்றவில்லை.

புதன், பனியாற்றின்மேல்

ஊரிலிருந்து நடந்தே செல்லும் தொலைவிலுள்ள ஆஸ்ட்ரே பிராக்கர்பிரீன் என்னும் பனியாறு 1960களின் பிற்பகுதி முதல் ஆண்டுதோறும் அளக்கப்பட்டுவருகிறது. அந்த வரிசையில் அது வரவைவிடச் செலவு மிகுந்ததாக இல்லாத ஆண்டுகள் மிக அரியவை. குளிர்காலத்தில் சேரும் பனி வரவு. கோடையில் உருகி ஓடுவது செலவு. குளிர்காலக் கணக்கை எடுக்க இதுவே தக்க பருவம்.

முதல் வேலை ஆழம் பார்ப்பது. மெல்லிய உலோகக் கோலைப் பனிக்குள் செலுத்திக்கொண்டே போக வேண்டும்; மென்மையாக இறங்கும் கோல் ஓரிடத்தில் கணீரென்று முட்டினால் அதுதான் பழைய பனிக்கட்டியின் மேற்பரப்பு. ஆனால் அந்த முட்டலை உடனே நம்பிவிடக் கூடாது. எனக்குப் பயிற்சி தந்த ஆய்வு மாணவி கோலைச் சற்றுத் தூக்கி ஓங்கிக் குத்தச் சொன்னார். ஏதோ நொறுங்கியது, கோல் மேலும் இறங்கியது. நடுவில் ஓர் ஐஸ் தகடு இருந்திருக்கிறது.

குழி வெட்டியபோது அந்தத் தகட்டைக் கண்ணால் கண்டேன். குழியின் நிழல்பக்கச் சுவரை மண்வெட்டியால் செதுக்கி, தூரிகையால் துடைத்ததும் அடுக்குகள் துலங்கின. மேலே காற்று இறுக்கிய நுண்பனி. அதன்கீழ் கையால் தொட்டால் உதிரும் பருமணிகள். இரண்டுக்கும் இடையே விரற்கடை கனத்தில் கண்ணாடிபோன்ற நீலத் தகடு. குளிர்காலத்தின் நடுவே மழை பெய்து, நீர் பனிக்குள் கசிந்து, மீண்டும் உறைந்ததன் தடம் அது. ஸ்வால்பார்டில் இப்போது குளிர்காலத்திலும் மழை பெய்வது புதுமையன்று. கலைமான்கள் குளம்பால் பனியைக் கிளறி மேய முடியாமல் தவிப்பதும் இத்தகடுகளால்தான். குழியின் அடியில் பெருத்த, கோப்பை வடிவப் பளிங்குகள் சர்க்கரையாகச் சொரிந்தன. கன அளவு தெரிந்த எஃகு வெட்டியைச் சுவரில் செருகி, எடுத்த பனியைத் தராசில் தொங்கவிட்டு, ஒவ்வோர் அடுக்கின் அடர்த்தியையும் குறிப்பேட்டில் பதிந்தோம். ஒரு மீட்டர் ஆழமுள்ள பனி கன மீட்டருக்கு 380 கிலோ அடர்த்தி கொண்டது என்றால், அது 380 மில்லிமீட்டர் நீருக்குச் சமம். ஆற்றுக்கும் அணைக்கும் கடலுக்கும் பயன்படும் எண் இதுதான்.

இந்த எண்ணை உயரத்திலிருந்து நேரே பெற முயன்றவர்கள் இன்றுவரை அரை வெற்றிதான் கண்டிருக்கிறார்கள். நிலத்திலிருந்து எழும் நுண்ணலைகளைப் பனிமணிகள் சிதறடிக்கின்றன. பனி தடித்தால் சிதறலும் மிகும். ஆகவே செயற்கைக்கோளை எட்டும் அலையின் குறைவிலிருந்து பனியின் நீரளவைக் கணிக்கலாம். ஆனால் 150 மில்லிமீட்டரளவு நீருக்குமேல் போனால் இந்த முறை திணறுகிறது. மலைப்பனிக்கு ஏறக்குறைய உதவுவதே இல்லை. பனி நனைந்துவிட்டால் அலை அடியோடு மறைகிறது. அடியிலுள்ள பருமணிகள், நடுவிலுள்ள ஐஸ் தகடு ஆகிய ஒவ்வொன்றும் அலையை வேறுவிதமாகத் திருப்பிவிடுகின்றன. அந்தச் சுவரின் முன் மண்டியிட்டபோது, ஒரு படப்புள்ளிக்குள் அடங்கிவிடும் இடம் எத்தனை உட்பிரிவுகள் கொண்டது என்பது எனக்கு முதன்முறையாகப் பிடிபட்டது. செயற்கைக்கோள் பனியை அளப்பதில்லை, அலையை அளக்கிறது. அந்த அலையைப் பனியாக மாற்றும் சூத்திரம் இப்படிப்பட்ட குழிகளில்தான் எழுதப்படுகிறது.

திரும்பும் வழியில் பனிக்கட்டியில் துளையிட்டு நட்ட அளவுக்கம்பங்களின் வெளித்தெரியும் நீளத்தைக் குறித்துக்கொண்டோம். இவ்வகை அளவீடுகளை உலகெங்கிலுமிருந்து திரட்டுவது சூரிக் நகரிலுள்ள உலகப் பனியாறு கண்காணிப்பு அமைப்பு; பனியாறுகளைப் பன்னாட்டளவில் ஒருங்கிணைத்து அளக்கும் முயற்சி 1894இலேயே தொடங்கிவிட்டது. உலகில் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட பனியாறுகள் இருக்க, கம்பம் நட்டு அளக்கப்படுபவை சில நூறே. எஞ்சியவற்றுக்கு டெர்ராவிலுள்ள ஆஸ்டர் கருவியின் இரட்டைப் படங்களிலிருந்து உயர வரைபடங்கள் உருவாக்கி, 2000 முதல் 2019 வரை உலகின் பனியாறுகள் ஆண்டுக்குச் சராசரியாக 267 கிகாடன் (ஒரு கிகாடன் என்பது நூறு கோடி டன்) பனியை இழந்தன என்று 2021இல் ஒரு பெரும் ஆய்வு காட்டியது. அதில் கணக்கிடப்பட்டது கன அளவின் குறைவு. அதை எடையாக மாற்றுவதற்கு மறுபடியும் அடர்த்தி வேண்டும்.

வியாழன், கோங்ஸ்ஃபியோர்டு

படகில் விரிகுடாவின் உட்புறம் சென்றோம். இடப்பக்கம் தெரிந்த புளோம்ஸ்ட்ரன்ட்ஹால்வோயாவைப் பழைய வரைபடங்கள் தீபகற்பமாகக் காட்டும். பெருநிலத்தோடு அதை இணைத்திருந்தது பனியாறு; பனியாறு பின்வாங்கியதும் அது தீவாகிவிட்டது. குரோனெபிரீனின் நீலமுகப்பைத் தொலைவிலிருந்தே பார்த்தோம். முகப்பிலிருந்து பாளங்கள் பெயர்ந்து விழும்போது எழும் அலை சிறுபடகைக் கவிழ்க்கவல்லது. நாளொன்றுக்குச் சில மீட்டர்வரை நகரக்கூடிய இந்தப் பனியாற்றின் வேகத்தை சென்டினல்-1 செயற்கைக்கோள்களின் ரேடார் படங்களில் பின்தொடர்கிறார்கள். முதல் படத்திலுள்ள ஒரு வெடிப்பு, பன்னிரண்டு நாள் கழித்து எடுத்த படத்தில் எவ்வளவு தள்ளியிருக்கிறது என்று பார்த்தால் போதும். நான்கு மாத துருவ இரவிலும் இது தடையின்றி நடக்கிறது.

விரிகுடாவின் மூலையில் மட்டும் கடற்பனி எஞ்சியிருந்தது. அதன் தடிமனைப் பற்றித்தான் இன்று மாலை முழுதும் பேசினோம். மிதக்கும் பனியில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கே நீருக்குமேல் தெரியும். கிரையோசாட்-2 என்னும் செயற்கைக்கோள் தன் ரேடாரால் அந்த மேற்பகுதியின் உயரத்தை அளந்து, முழுத் தடிமனைக் கணக்கிடுகிறது. இந்தக் கணக்கில் பிழையும் அதே மடங்கில் பெருகும்: உயரத்தில் 3 சென்டிமீட்டர் தவறினால் தடிமனில் 30 சென்டிமீட்டர் தவறும். பனிக்கட்டியின்மேல் கிடக்கும் வெண்பனி இங்கே பெரும் சிக்கல். அது கட்டியைக் கீழே அழுத்துகிறது. ரேடார் அலையின் வேகத்தையும் குறைக்கிறது. ஈரமோ உப்போ கலந்திருந்தால் அலையை அடிவரை செல்லவிடாமல் மேலேயே திருப்பியனுப்புகிறது. ஆக, வெண்பனியின் ஆழம் தெரியாமல் கட்டியின் தடிமன் தெரியாது. அந்த ஆழத்துக்கு நெடுங்காலம் பயன்பட்ட அட்டவணை எதிலிருந்து வந்தது தெரியுமா? 1954 முதல் 1991 வரை ஆர்க்டிக்கில் மிதந்த சோவியத் நிலையங்களில் இருந்தவர்கள், நேற்று என் கையிலிருந்தது போன்ற கோல்களால் குத்தி அளந்ததிலிருந்து. அவர்கள் நின்றது பல ஆண்டு பழமையான தடித்த பனியின்மேல். இன்று பெரும்பகுதி ஒரே குளிர்காலத்தில் உறைந்த இளம்பனி. அதன்மேல் பனி சேரக் கிடைக்கும் காலம் குறைவு என்பதால் அட்டவணையின் எண்ணைப் பாதியாக்கிப் பயன்படுத்தினார்கள்.

2018இல் சென்ற ஐஸ்சாட்-2 இதற்கு ஒரு வழி திறந்தது. நொடிக்குப் பத்தாயிரம் பச்சை லேசர்த் துடிப்புகளை அனுப்பும் அதன் கருவிக்கு ஒளி திரும்புவது வெண்பனியின் மேற்பரப்பிலிருந்து. கிரையோசாட்டின் ரேடார் திரும்புவது ஏறத்தாழ அடிப்பரப்பிலிருந்து. இரண்டின் வேறுபாடே வெண்பனியின் ஆழம். இரண்டும் ஒரே இடத்தைச் சில மணி நேர இடைவெளிக்குள் கடக்கும்படி, 2020 சூலையில் கிரையோசாட்டின் பாதையை ஒரு கிலோமீட்டருக்கும் குறைவாக உயர்த்தினார்கள். இந்த முழுத்துறையிலும் எனக்கு மிகவும் பிடித்த செயல் இதுதான்.

வெள்ளி, நி-ஓலெசுண்ட்

காற்று ஓயவில்லை, வெளிவேலை இல்லை. பொது அறையில் கிரேஸ் இணைகளைப் பற்றிப் பேச்சு வந்தது. 2002 முதல் 2017 வரையும், பின் அடுத்த இணையாக 2018 முதலும், ஏறத்தாழ 220 கிலோமீட்டர் இடைவெளியில் ஒன்றன்பின் ஒன்றாகப் பறக்கும் இரட்டைச் செயற்கைக்கோள்கள் அவை. கீழே நிறை மிகுந்த இடம் வந்தால் முன்செல்வது முதலில் ஈர்க்கப்பட்டு இடைவெளி மாறுகிறது. மைக்ரோமீட்டர் அளவிலான அந்த மாற்றத்திலிருந்து பனிப்பாளத்தின் எடையையே கணிக்கிறார்கள். கிரீன்லாந்து ஆண்டுக்கு ஏறத்தாழ 270 கிகாடன் இழக்கிறது என்பது இவ்வாறு அறியப்பட்டது. 360 கிகாடன் கடலில் சேர்ந்தால் உலகக் கடல்மட்டம் ஒரு மில்லிமீட்டர் உயரும். ஆனால் பனியின் சுமை நீங்கிய நிலம் மெல்ல எழும்புகிறது, அதன் ஆழத்திலுள்ள பாறை மெல்ல நகர்ந்து நிறையை மாற்றுகிறது. அதையும் கழித்தாக வேண்டும். நி-ஓலெசுண்டும் ஆண்டுக்குப் பல மில்லிமீட்டர் எழும்பிக்கொண்டிருக்கிறது.

சனி, மீண்டும் லாங்யியர்பியன்

திரும்பும் விமானத்தில் மேகமில்லை. புறப்படுமுன் குழுவின் மூத்தவரிடம், இத்துறைக்கு இப்போது மிகவும் தேவைப்படுவது எது என்று கேட்டேன். புதுமையான கருவி எதையும் அவர் கேட்கவில்லை. இருப்பது ஓய்வதற்குள் அடுத்தது மேலே இருக்க வேண்டும் என்றார். 2021 டிசம்பரில் சென்டினல்-1இன் இரண்டாம் செயற்கைக்கோள் செயலிழந்தபோது, அதன் இடத்துக்கு அடுத்தது செல்ல 2024 டிசம்பர் ஆயிற்று. அந்த மூன்றாண்டுகளில் பல பனியாறுகளின் வேகப் பதிவு மெலிந்துவிட்டது. 2025 சூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து சென்ற நிசார் என்னும் ரேடார் செயற்கைக்கோள், பன்னிரண்டு நாளுக்கொருமுறை நிலத்தையும் பனிப்பாளங்களையும் இரண்டு அலைவரிசைகளில் பார்க்க உருவாக்கப்பட்டது என்பதால், இந்தப் பேச்சில் அதன் பெயர் நம்பிக்கையோடு அடிபட்டது.

அவருக்கு மிகுந்த கவலை கிரையோசாட்-2 குறித்து. மூன்றரை ஆண்டுப் பணிக்காக 2010இல் அனுப்பப்பட்ட அது இன்னமும் உழைக்கிறது. சென்டினல்-3இன் ரேடார் வட அகலாங்கு 81.5 பாகையோடு நின்றுவிடும். அதற்கு வடக்கேயுள்ள கடற்பனியை ரேடாரால் அளக்கும் பொறுப்பைக் கிரையோசாட் சுமக்கிறது. இரண்டு அலைவரிசைகளால் பனியின் ஆழத்தையும் கட்டியின் தடிமனையும் ஒருசேர அளக்கவிருக்கும் கிரிஸ்டல் என்னும் செயற்கைக்கோள், இந்தப் பத்தாண்டு முடிவதற்குள் செலுத்தப்படும் என்பது ஐரோப்பியத் திட்டம். 1987இல் கிடைத்தது போன்ற ஆறு வாரமாவது இவ்விரண்டும் சேர்ந்து பறக்க வேண்டும். இல்லையென்றால் ஆர்க்டிக் பனித் தடிமனின் பதிவு 2010இல் தொடங்கி முறிந்த ஒன்றாகவும், கிரிஸ்டலோடு தொடங்கும் மற்றொன்றாகவும் பிரிந்து நிற்கும்.